காது கொடுத்தவர்

ரயில் வந்து நின்றதும் நடைமேடையில் ஒரு களேபரம் கிளம்பும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் முட்டிக்கொள்வார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் கத்துவார்கள், எஞ்சின் தன் பங்குக்குப் புகையைக் கக்கும். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு மனிதர் மட்டும் தண்டவாளத்துப் பக்கம் குனிந்தபடி பெட்டிகளின் ஓரமாகவே போய்க்கொண்டிருப்பார். கையில் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியல். சக்கரத்தில் ஒரு தட்டு தட்டுவார், தலையை இடது தோள் பக்கம் சாய்ப்பார், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஒரு கணம் நிற்பார், பிறகு அடுத்த சக்கரத்துக்குப் போவார். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். விரிசல் விட்ட சக்கரம் சளி பிடித்தவனைப் போலக் கரகரக்கும். அதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை.

நிலையத்தில் எல்லோருக்கும் அவர் சுத்தியல்காரர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். காது இரண்டும் தாராளமாக அமைந்தவை. தொப்பி போட்டால் தொப்பி காதின்மேல் உட்காரும். பேச்சு மட்டும் கம்மி. எதிரில் இருப்பவர் பேசப் பேச, சக்கரத்துக்குச் சாய்ப்பது போலவே தலையைச் சாய்த்து "ம்" கொட்டிக்கொண்டிருப்பார். அதனாலேயே ஊரில் பாதிப் பேர் தங்கள் வீட்டு வழக்கை அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டுவார்கள். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்கு மகன் படையில் இருந்தான். மகனிடமிருந்து கடிதம் வந்தால் அவள் மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து, இவர் வீட்டு மாடிப்படியிலேயே நின்று, முழுசும் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவாள்.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, மனைவியின் தம்பி. அப்பா அம்மா போனபிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பையன், இப்போது மீசை வைத்த ஆளாகி, அச்சகம் ஒன்றில் படம் போடுகிற வேலையில் இருந்தான். அங்கே வழவழப்பான கல்லில் மெழுகுப் பென்சிலால் வரைவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கல்லின்மேல் மையை உருட்டிக் காகிதத்தை அழுத்தினால் படம் வந்துவிடும். போருக்கு முன்னால் அவன் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் படம் போட்டான். போர் தொடங்கியதும் சோப்புக்கல்லை எல்லாம் தேய்த்து அழித்துவிட்டு, அதே கற்களில் அரசாங்கத்துக்காக வரையச் சொன்னார்கள்.

ஊரின் சுவர்கள் அப்போதுதான் வாய் திறந்தன. படையில் சேர் என்றது ஒரு சுவர். ரொட்டியை வீணாக்காதே என்றது இன்னொன்று. ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டு, பழைய இரும்பைக் கொண்டுவந்து கொடு, அழாதே, சிரி என்று ஆளுக்கு ஒரு கட்டளை. சுத்தியல்காரர் எதையும் நின்று படித்ததில்லை. இயல்பிலேயே அவருக்கு ஓரிடத்தில் நிற்க வராது.

ஒரு காலை, ரயில் பெட்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில், கொட்டகைச் சுவரில் ஒருவன் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். காலடியில் பசை வாளி, கையில் நீளக் கம்பு கட்டிய தூரிகை. மேல் பாதியை ஒட்டியவன், பக்கத்தில் நின்று சுத்தியல் கைப்பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த மனிதரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு படத்தைப் பார்த்தான். மறுபடி அவரைப் பார்த்தான்.

"ஏங்க, இது நீங்களா?"

"எது?"

நிமிர்ந்து பார்த்தார். பழுப்பு நிறப் பின்னணி. கண்வரை இழுத்துவிட்ட தொப்பி. இடது தோளுக்குச் சாய்ந்த தலை, பாதி மூடிய கண், படத்தின் நடுவில் பெரிதாக ஒரு காது. தூரத்தில் பொடியாக ஒரு ராணுவ ரயில். கீழே கொட்டை எழுத்தில்: 'வாயை மூடு! அவன் கேட்கிறான்.'

யாரோ தெரிந்த ஆள் மாதிரி இருக்கிறதே என்றுதான் அவருக்கு முதலில் பட்டது. தன் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தவர் உலகத்தில் எத்தனை பேர்? எங்கேயோ ரயிலில் பார்த்த முகம் என்று யோசித்தார். பிறகு கை தானாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்தது.

"எனக்குக் குடுத்த வேலைங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் ஒட்டுகிறவன். அந்தப் பெரிய காதில் காற்றுக் குமிழ் ஒன்று நின்றிருந்தது. அதைத் தூரிகையால் நீவி நீவி மிகவும் மரியாதையாக வெளியேற்றினான்.

சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது சுத்தியல்காரர் பேச்சை எடுத்தார். "மாப்ளே, அந்தக் காது படம் நீ போட்டதா?"

"ஆமா மாமா. ஆபீஸ்ல எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு. ஊர் ஊரா அனுப்பறாங்களாம்…" என்று உற்சாகமாகத் தொடங்கியவன், அவர் தலையைச் சாய்த்துத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்த அழகைப் பார்த்தான். வாயில் போட்ட கவளம் அப்படியே நின்றது. "ஐயையோ மாமா!"

அவனுக்கே அந்தக் கணத்தில்தான் தெரிந்தது என்பது அவன் முகம் போன போக்கிலேயே விளங்கிவிட்டது. முதலில் சிரித்தவள் அக்காதான். பிறகு மூவரும் சேர்ந்து, புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். "உளவாளிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவா?" என்று கரண்டியோடு நின்றாள் அவள்.

யார்டிலும் கொஞ்ச நாள் அதே கேலிதான். அவர் வந்தால் வேண்டுமென்றே எல்லோரும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். எஞ்சின் ஓட்டுநர் ஒருவர், "அண்ணே, நாளைக்கு எங்க வீட்ல என்ன சமையல்னு சொல்லிடட்டுமா, எதிரிக்கு உபயோகப்படும்" என்பார். இவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

போர்முனைச் செய்திகள் கெடத் தொடங்கியதும் சிரிப்பு குறைந்தது. ஊருக்குள் துக்கச் செய்திகள் வந்துகொண்டேயிருந்தன. காயம்பட்டவர்களை ஏற்றிய ரயில்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வந்து போயின. அவர் வருகிறார் என்றால் இப்போதும் பேச்சு நின்றது. கையால் பொத்துகிற விளையாட்டு மட்டும் இல்லை. காப்பிக் கடையில் அவர் உள்ளே நுழைந்ததும் ஏதோ விளக்கு அணைந்தது போல ஆகிவிடும். குடித்து முடித்து வெளியே வந்தால் பின்னால் மறுபடி பேச்சுச் சத்தம் எழும். மாடிப்படிக்குத் தையல்காரம்மா வருவதில்லை. ஒருமுறை தெருவில் எதிர்ப்பட்டபோது, "பையன் எழுதியிருக்கானா?" என்று இவர் வலியக் கேட்டார். "எழுதியிருக்கான்" என்றவள், கையிலிருந்த உறையைத் துணிமூட்டைக்கு அடியில் தள்ளிக்கொண்டு கடந்துபோனாள்.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடுமுறை நாட்களில் காலையிலேயே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். தன் முகம் இல்லாத தெரு ஒன்றாவது இருக்காதா என்று தேடி நடந்தார். சந்தைக்குள், குளியல் கூடத்தின் பின்சுவரில், பள்ளிக்கூட வாசலில், சவப்பெட்டி செய்கிற கடையின் கதவில்கூட அவரே தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். ஆற்றோரத் தோல்கிடங்குத் தெரு மட்டும் சுத்தமாக இருந்தது. அந்த நாற்றத்துக்குப் பசைவாளிக்காரன் வரவில்லை போல. அங்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்துவிட்டு வருவார். தாடி வளர்த்துப் பார்த்தார். உளவாளி வேஷம் மாற்றிவிட்டான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும் மழித்துவிட்டார். வீட்டிலோ, நாற்காலியில் உட்கார்ந்தால் விரல் நாற்காலியைத் தட்டும். நின்றால் ஜன்னல் கம்பியைத் தட்டும். படுத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டும்.

"அந்தக் கட்டில் நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்பாள் மனைவி. "கால்ல சக்கரம் கட்டின மாதிரி அலையறீங்க. ஒரு நிமிஷம் உக்காந்தா என்ன?"

"உக்காந்தா நெனப்பு வருது."

ஊர்ப்பக்கமிருந்து கிளம்பிய ராணுவ ரயில் ஒன்று, ஆற்றுப் பாலத்தின்மேல் குண்டுவீச்சில் சிக்கியது அந்த நாட்களில்தான். ரயில் எப்போது கிளம்பியது என்று எதிரிக்கு எப்படித் தெரிந்தது? ஊர் முழுக்க இதே கேள்வி. கையெழுத்தில்லாத புகார் ஒன்று போயிருக்க வேண்டும். சாதாரண உடுப்பில் இருவர் யார்டுக்கு வந்து, சுத்தியலைக் கீழே வைக்கச் சொல்லி, அவரை அழைத்துப் போனார்கள்.

விசாரணை அறையில் அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அதே படம் மாட்டியிருந்தது. அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தார், திரும்பி இவரைப் பார்த்தார்.

"ராணுவ ரயில் நிக்கும்போது நீங்க பக்கத்துல என்ன பண்றீங்க?"

"சக்கரத்தைக் கேக்கறேங்க."

"சக்கரத்தை மட்டுமா?"

"மத்த சத்தம் குறுக்க வந்தா எரிச்சலா இருக்குங்க. அவங்க பேசறதெல்லாம் மண்டையில ஏறாது."

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானே?"

"அதை வரைஞ்சது என் மச்சினனுங்க. தெரியாம என் முகம் வந்துடுச்சு."

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். "அப்போ, உளவாளின்னு நெனச்சதும் உங்க மச்சினனுக்கு உங்க ஞாபகம்தான் வந்திருக்கு. வீட்டுக்குள்ளயே அவருக்கு உங்கமேல ஒரு சந்தேகம் இருந்திருக்கு, அப்படித்தானே?"

சுத்தியல்காரர் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார். உட்காரச் சொல்லி அதட்டினார்கள். உட்கார்ந்தார். மேஜையைத் தட்டினார். தட்டாதே என்றார்கள். கடைசியில் யார்டின் மேற்பார்வையாளரான போர்மேன் வந்து, பாலத்தில் குண்டு விழுந்த ரயில் பக்கத்து நிலையத்தில்தான் சரக்கு ஏற்றியது, அன்றைக்கு இவர் அதைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபிறகு அனுப்பிவைத்தார்கள். ஆனாலும் தண்டவாளத்துப் பக்கம் அவரை விடவில்லை. விளக்கு அறையில் போட்டார்கள். கைவிளக்குகளின் கண்ணாடியைத் துடைத்து, திரியை வெட்டி, எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. வெளியே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் விரல் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும்.

மச்சினன் தவித்துப்போனான். சுவரொட்டி போடச் சொல்கிற அரசாங்க விளம்பர அலுவலகத்துக்கு ஓடினான். காதைச் சின்னதாக்குகிறேன், கண்ணாடி மாட்டிவிடுகிறேன், மீசை வைத்துவிடுகிறேன், மறுபடி அச்சிடுங்கள் என்று கெஞ்சினான். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். நாற்காலி கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார்: "இந்த முகம் நல்லா வேலை செய்யுது தம்பி. ஜனங்க பாத்ததும் வாயை மூடறாங்க. இதைவிட என்ன வேணும்? சொல்லப்போனா, இதே ஆளை வெச்சு இன்னொண்ணு போடணும்னு மேலேருந்து சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை காப்பிக் கடையில உக்காந்திருக்கற மாதிரி."

முடியாது என்றுதான் இவன் சொன்னான். வேறு ஆளை வரைந்து கொடுத்தான். இது அவன் இல்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். அச்சகத்தில் அவசியமான ஆள் என்பதால்தான் அவனைப் படைக்கு எடுக்காமல் விட்டிருந்தார்கள். படம் போட மறுக்கிறவன் எப்படி அவசியமானவன் ஆவான் என்று கடுமை இல்லாமலே கேட்டார் அந்த அதிகாரி. வாரக் கடைசிக்குள் படம் வர வேண்டும்.

வீட்டுக்கு வந்து அவன் இதைச் சொன்னபோது அக்கா அடுப்படியில் இருந்தாள். பாத்திரங்களை இடம் மாற்றி இடம் மாற்றி வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், மறுபடி பாத்திரத்தைப் பார்த்தாள்.

"நான் போயிடறேன் அக்கா" என்றான் அவன். "எத்தனையோ பேர் போறாங்க."

"போனவங்க எத்தனை பேர் வந்தாங்க?" என்றாள் அவள்.

சுத்தியல்காரர் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஒரு சுற்றில் நடுவழியில் நின்றார். நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காகிதம் எடுத்துட்டு வா."

"மாமா, வேணாம்."

"கல்லுல வரையறதுக்கு முன்னாடி காகிதத்துல வரைவேதானே? எடுத்துட்டு வா. தொப்பி வேணுமா?"

மச்சினன் அழுதுவிடுவான் போல நின்றான். அக்காதான் ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துவந்து புருஷன் தலையில் வைத்தாள். கொஞ்சம் சரித்தும் விட்டாள்.

காலையில் உட்கார்ந்தவர் வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தார். பல மாதங்களாக ஒரு நிமிஷம் உட்காராத மனிதர், விரலை அசைக்காமல், மேஜைமேல் கையூன்றித் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். இடையில் ஒரே ஒரு முறை பேசினார்.

"இவன் யாரைக் கேக்கறான்?"

"பக்கத்து மேஜையில ரெண்டு சிப்பாய்ங்க பேசறாங்க மாமா. அதை."

"என்ன பேசறாங்க?"

மச்சினன் பென்சிலை நிறுத்தினான். "அதை நான் யோசிக்கலையே."

"யோசி. இல்லேன்னா முகம் சரியா வராது" என்றார். சற்றுப் பொறுத்து, "காதைக் கொஞ்சம் பெருசாவே போடு. சின்னதா போட்டு அவங்க திருப்பி அனுப்பினா இன்னொரு நாள் உக்காரணும்" என்றார்.

இரண்டாவது படம் முதல் படத்தைவிட நன்றாக வந்திருந்தது. அதுதான் வினை. பார்க்கிறவர் முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி ஒரு முகம். அவர் மனமறிந்து உட்கார்ந்து கொடுத்த முகம் என்று மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. காப்பிக் கடைக்காரர் அதைத் தன் கடைக்குள்ளேயே மாட்டவேண்டியதாயிற்று. எல்லாக் கடைகளுக்கும் உத்தரவு. "நீங்க வந்தா ஒரு மாதிரி இருக்குங்க, வாடிக்கைக்காரங்க சங்கடப்படறாங்க" என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, சுத்தியல்காரர் சில்லறையை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. விளக்கு அறை, வீடு, தோல்கிடங்குத் தெரு. போர் முடிகிறவரை அவ்வளவுதான் அவர் உலகம்.

போர் முடிந்தது ஒரு மத்தியான வேளையில். எஞ்சின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊதின. ஜன்னல்களிலிருந்து கறுப்புக் காகிதத்தை ஜனங்கள் கிழித்துத் தெருவில் எறிந்தார்கள். ஒரு வாரத்துக்கு ஊர்வலம், பாட்டு, வாத்தியம், முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடிப்பது. வெற்றி விழாவுக்குப் புதுச் சுவரொட்டிகள் வேண்டும் என்று அச்சகத்துக்கு அவசர ஆணை வந்தது. பூவும் கொடியுமாகப் பெரும் கூட்டம் ஒன்று வேண்டும் என்றார்கள்.

மச்சினன் கூட்டத்தை வரைந்தான். ஆனால் ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்தில் வருகிற ரயிலைப் பார்த்து நின்றார்கள். குழந்தைகள் அப்பாக்களின் தோளில், அவர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் வரையப் பென்சிலை எடுத்தாலே மாமாவின் காதுதான் வருகிறது என்று அக்காவிடம் மட்டும் சொன்னான். அலுவலகத்தில் இதைப் புது யுக்தி என்று பாராட்டினார்கள். பசைவாளிக்காரன் பழைய காதுகளின் மேலேயே இதை ஒட்டிக்கொண்டு போனான். ஊரார் சுவருக்கு முன்னால் கூடி நின்று, "இது என் முதுகுதான்", "போய்யா, உன் முதுகு இவ்வளவு அகலமா?" என்று சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள்.

சுத்தியல்காரர் அதையும் பார்த்தார். "நான் இதுல எங்க இருக்கேன்?" என்று மச்சினனிடம் கேட்டார்.

"நீங்க இல்ல மாமா. போடவே இல்ல."

"நல்லது" என்றார். ஆனால் அன்று மாலை ஏனோ அவருக்குச் சோறு இறங்கவில்லை.

படை திரும்பும் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. ஆள் பற்றாக்குறை. போர்மேன் விளக்கு அறைக்கு வந்து அவர் கையில் சுத்தியலைக் கொடுத்தார். மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. வெளிச்சத்தில் கண் கூச, பழைய ஓரத்தில் பழையபடி நடக்க ஆரம்பித்தார்.

முதல் ரயிலிலேயே மேலிருந்து ஒரு குரல் கேட்டது. "டேய்! காது மாமாடா!"

அவர் குனிந்த தலை நிமிராமல் அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார். ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. சிப்பாய்கள் தலையை நீட்டினார்கள். இருவர் குதித்தே இறங்கிவிட்டார்கள். அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தவர் சுத்தியலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்கள்.

"எங்க கொட்டகையில தண்ணிப் பானைக்கு மேல உங்களைத்தான் ஒட்டியிருந்தோம். போற எடமெல்லாம் உரிச்சு எடுத்துட்டுப் போவோம். வீட்டுக்கு ஏதாவது எழுதினா பாதியை மை பூசி அழிச்சிடுவாங்க. அதனால உங்ககிட்டதான் எல்லாத்தையும் சொல்றது. மேலதிகாரியைத் திட்டறதும் உங்ககிட்டதான்!" எல்லோரும் சிரித்தார்கள். "நெஜமாவே நீங்க இருக்கீங்களா! வரைஞ்ச படம்னு இல்ல நெனச்சோம்!"

கூட்டம் கலைந்து ஏறியபிறகும் ஒருவன் மட்டும் இறங்கி நின்றான். கையைக் கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

"என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான்" என்றான். "கூச்ச சுபாவம். எங்ககிட்டகூட அவ்வளவா பேசமாட்டான். தெனமும் உங்க படத்துக்கு முன்னாடி உக்காந்து ஏதோ முணுமுணுப்பான். என்னடா சொல்றேன்னு கேட்டா சிரிப்பான். சண்டையோட கடைசி மாசம் குண்டுபட்டுப் போயிட்டான். இப்போ அவன் வீட்டுக்குத்தான் போறேன். அவங்க கேப்பாங்க, என்ன சொன்னான்னு. எனக்கு ஒண்ணும் தெரியல." அவன் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தான். "உங்ககிட்ட என்ன சொன்னான்?"

அது விளையாட்டுக் கேள்வி இல்லை. அசட்டுக் கேள்வியும் இல்லை. களைத்துப்போன ஒருவன், பதில் கிடைக்கக்கூடிய கடைசி இடத்தில் கேட்கிற கேள்வி. சுத்தியல்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் எஞ்சின் ஊதியது. அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டான். ரயில் நகர்ந்தது. அவர் கூடவே நடந்தார். வேகம் பிடித்தபோது ஓடினார்.

"அம்மாவைப் பத்தித்தான் பேசினான்!" என்று கத்தினார். "அம்மாவைப் பத்திதான்னு சொல்லு!"

அவன் தலையை ஆட்டியது தெரிந்தது. ரயில் போய்விட்டது. கடைசிப் பெட்டிகளின் சக்கரங்களை அவர் தட்டவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அடுத்த நிலையத்துக்குத் தந்தி கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். சக்கரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. போர்மேன் நன்றாகத் திட்டினார்.

திட்டு அவருக்கு ஏறவில்லை. வேறு ஒன்று உள்ளே புகுந்து குடைந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்தார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாளா?" என்றார்.

"எந்தப் பையனுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அம்மா இல்லாத பையனா இருந்திருந்தா? வீட்ல இருக்கறது பொண்டாட்டியா, அப்பனா, யாருன்னு நான் கேக்கவே இல்லையே. யாரோ ஒரு பொண்ணு கதவைத் திறந்து, என்னைப் பத்திப் பேசலையான்னு கேட்டா?"

"நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றாள். அவருக்கு அது போதவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ராணுவ ரயிலிலும் கட்டுப்போட்ட கை ஒன்றைத் தேடினார். அவன் வரவில்லை. ஏன் வரப்போகிறான்? அவன் வீட்டுக்குப் போய்விட்டவன்.

தையல்காரம்மாவின் மகனும் திரும்பி வந்தான், முழுசாக. தெருவுக்கே சொல்லி முடித்தபிறகுதான் அவள் இவர்கள் மாடிப்படி ஏறினாள். அவருக்கு அது தெரியும். அவளுக்கும் அது அவருக்குத் தெரியும் என்று தெரியும். வாசலில் நின்று புடவைத் தலைப்பை முறுக்கினாள்.

"நான் ஒருநாளும் நம்பினதில்லைங்க" என்றாள். "மனசார நம்பினதில்ல. ஆனா உங்களைப் பாத்ததும் வாய் தானா மூடிக்கும். இப்பவும் பாருங்க, படியேறும்போது எவ்வளவோ பேசணும்னு வந்தேன். என்ன பண்றது, சொல்லுங்க?"

மனைவி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். பெண்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். அவர் அறையில் இருந்தவரை பேச்சு நொண்டியடித்தது. அவர் படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் மேலே மகனின் கதை சரளமாக ஓடத் தொடங்கியது. கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், நேராக நிலையத்துக்குப் போய் இடமாற்றம் கேட்டார்.

கிடைத்தது கடலோரத்தில் ஒரு சந்திப்பு நிலையம். சரக்கு ரயில்கள்தான் அதிகம். காது படம் அந்த ஊருக்குப் போயிருக்கலாம். ஆனால் உப்புக் காற்றில் எந்தக் காகிதமும் சுவரில் ஒரு மாதம் தாங்காது. அவரை யாரும் அடையாளம் காணவில்லை. போன முதல் நாளே, யார்டில் கூட வேலை செய்கிறவனிடம், கேட்காமலே பேச ஆரம்பித்தார். ரயிலைப் பற்றி, மழையைப் பற்றி, வாடகை வீட்டின் ஒழுகலைப் பற்றி, மனைவிக்குக் கடல் நண்டு ஒத்துக்கொள்ளாததைப் பற்றி. எதிரில் இருப்பவர் ஒரு நொடி மௌனமானால் போதும், அவருக்குத் தூக்கிவாரிப்போடும். அடுத்த கதையை அவிழ்த்துவிடுவார். அங்கே அவருக்கு வைத்த பெயர் ரேடியோ.

"முன்னாடி இவர்கிட்ட ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடும்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொன்னால் யாரும் நம்பவில்லை. வீட்டையும் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒன்றில் வெளிச்சம் போதவில்லை, இன்னொன்றில் காற்று அதிகம். அவள் மூட்டை கட்டிக் கட்டிச் சலித்துப்போனாள்.

மச்சினன் தலைநகரத்தில் பிஸ்கட் டப்பாவுக்குப் படம் போடுகிற வேலையில் நிலைத்தான். பூக்கள், பழங்கள், சில சமயம் ஒரு பூனை. ஆட்களை வரைவதில்லை. வெகுநாள் கழித்து ஒரு விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்தவன், ஒரு காலை, தானாகவே பென்சிலை எடுத்தான். "அக்கா, உன்னை ஒண்ணு வரையட்டுமா?" என்றான். அவள் தலையைக்கூட வாராமல் அப்படியே ஜன்னலோரம் உட்கார்ந்தாள், எங்கே அவன் மனம் மாறிவிடுவானோ என்று.

சுத்தியல்காரர் அறைக்குள் நடந்துகொண்டே பேசினார். மூக்கு சரியாக வருகிறதா என்றார், துறைமுகத்தில் புதிதாக வந்த பாரந்தூக்கியைப் பற்றிச் சொன்னார், பிஸ்கட் டப்பாவில் பூனைக்கு என்ன வேலை என்று கேட்டார். மச்சினன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான்.

"மாமா, கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன். இன்னும் கண்ணு மட்டும்தான் பாக்கி. நீங்க நடந்தா கை ஆடுது."

"போறேன், போறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கடற்கரையில் யாரோ ஒருவர் கவிழ்த்துப் போட்ட படகின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாதவர். சுத்தியல்காரர் அருகே போய், மணலில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டு, "என்னங்க, இது காய எத்தனை நேரம் புடிக்கும்?" என்று ஆரம்பித்தார்.